1,33,000 பேருக்கு ஒருத்தர்

செகண்ட் இயர் நாலாவது செமஸ்டர்ல எங்க ரூம்ல ஒருத்தன் க்ளாஸுக்குப் போறதை நிறுத்தினான். முதல்ல காய்ச்சல்னான். அப்புறம் தலைவலி. அப்புறம் காரணமே சொல்றதில்லை. மெஸ்ஸுக்கும் வரமாட்டான். நாங்க தட்டுல சாப்பாடு எடுத்துட்டு வந்து வெச்சா ராத்திரி வரைக்கும் அப்படியே இருக்கும். (அவன்கிட்ட கேட்டுட்டுதான் இதை எழுதறேன். பேர் மட்டும் போடாதேன்னான்.)

ரூம்ல மிச்சம் நாங்க மூணு பேர். மூணு பேரும் சேர்ந்து செஞ்ச உச்சபட்ச வைத்தியம், "சினிமாவுக்குப் போலாம் வாடா". க்ளாஸ் அட்வைசர்கிட்ட சொன்னோம். நல்ல மனுஷர். அவனைக் கூப்பிட்டு உட்கார வெச்சு அரை மணி நேரம் அட்வைஸ் பண்ணார். சீக்கிரம் எழுந்திரு, க்ரௌண்டை நாலு சுத்து ஓடு, அப்பா அம்மா கஷ்டத்தை நினைச்சுப் பாருன்னார். வார்டன் அட்டெண்டன்ஸ் பற்றி மட்டும் கேட்டார். கடைசியில அவனோட அக்காதான் கண்டுபிடிச்சாங்க. அவங்க நர்ஸ். ஃபோன்ல தம்பி பேசற விதத்தை வெச்சே ஏதோ சரியில்லைன்னு புரிஞ்சு, பஸ் ஏறி வந்து, அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. டிப்ரஷன். மருந்து, கவுன்சலிங், ரெண்டு அரியர். இப்ப நல்லா இருக்கான்.

நடுவுல போனது ரெண்டு மாசம். யாருக்கும் அக்கறை இல்லாம போன ரெண்டு மாசம் இல்லை அது. எல்லாருக்கும் அக்கறை இருந்தது. என்ன செய்யணும்னு ஒருத்தருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை, அவ்வளவுதான். நர்ஸிங் காலேஜ்ல அக்காவுக்குச் சொல்லித் தந்திருந்தாங்க. அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல கணக்கு

இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 0.75 மனநல மருத்துவர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இருக்க வேண்டியது குறைந்தது 3 என்பார்கள். 0.75 டாக்டர் என்றால் என்ன என்று புரியாது, அதனால் திருப்பிப் போட்டுப் பாருங்க: 1,33,000 பேருக்கு ஒருத்தர். நம்ம மாதிரி 4,000 பேர் படிக்கிற காலேஜ் 33-ஐச் சேர்த்தால் அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு டாக்டர். அதிலும் பெரும்பாலானவர்கள் இருப்பது பெரிய நகரங்களில். எனவே கிராமத்துக் கணக்கு இதைவிட மோசம்.

2015-16-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. தமிழ்நாடும் அதில் ஒன்று. பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் ஏதாவதொரு மனநலப் பிரச்சினை இருந்தது. பிரச்சினையின் வகையைப் பொறுத்து, அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வரவில்லை. பத்தில் ஏழு, எட்டு, ஒன்பது பேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

"அப்ப நிறைய டாக்டர் உருவாக்க வேண்டியதுதானே?" என்றுதான் நானும் நினைத்தேன். 140 கோடி பேருக்கு லட்சத்துக்கு 3 என்றால் 42,000 பேர் வேணும். கையில் இருப்பது சுமார் 10,500. மீதி 31,500. ஒருத்தர் எம்.பி.பி.எஸ். முடிக்க ஐந்தரை வருஷம், எம்.டி. மூணு வருஷம். இன்னிக்கு எம்.பி.பி.எஸ். சீட்டை எல்லாம் இரண்டு மடங்கு ஆக்கினாலும் அதில் சேரும் முதல் ஆள் மனநல மருத்துவராக வெளியே வர எட்டரை வருஷம் ஆகும். இதில் இன்னொரு வேடிக்கை: எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநல மருத்துவத்துக்குத் தனிப் பரீட்சையே கிடையாது, பொது மருத்துவத்துக்குள்ளேயே அது அடங்கிவிடும். தனிப் பேப்பர் இல்லாத சப்ஜெக்டை நாம எப்படிப் படிப்போம்னு நமக்குத் தெரியாதா?

எனவே டாக்டர் எண்ணிக்கையைக் கூட்டுவது அவசியம்தான், ஆனால் அது மட்டும் போதாது. ஏற்கெனவே ஊரில் இருக்கிற ஆட்களுக்கு (ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர், கிராம சுகாதார செவிலியர், ஆசிரியர், போலீஸ், வார்டன்) அவரவர் இடத்தில் செய்யக்கூடிய அளவுக்கு வேலையைக் கற்றுத் தரணும். இது யாரோ புதுசாகக் கண்டுபிடித்த யோசனையும் இல்லை. இந்தியாவில் இதற்கு ஐம்பது வருஷ வரலாறு இருக்கு.

பெல்லாரியில் நடந்தது

1970-களின் நடுவில் இரண்டு இடங்களில் சோதனை தொடங்கியது. ஒன்று ஹரியானாவில் ராய்ப்பூர் ராணி, சண்டிகர் பி.ஜி.ஐ. நடத்தியது. இன்னொன்று பெங்களூருக்குப் பக்கத்தில் சக்கலவாரா, நிம்ஹான்ஸ் நடத்தியது. கிராமத்துச் சுகாதாரப் பணியாளருக்குச் சொல்லிக் கொடுத்தால் தீவிர மனநோய், வலிப்பு போன்றவற்றை அடையாளம் காண முடியுமா, சாதாரண டாக்டர் சில மருந்துகளை வைத்துச் சமாளிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும் என்று தெரிந்தது. 1982-இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது.

ஆனால் ஒரு கிராமத்தில் வேலை செய்வது ஒரு மாவட்டம் முழுக்க வேலை செய்யுமா? ப்ரெட்போர்டுல எரிஞ்ச எல்.இ.டி. பி.சி.பி.-ல எரியாதே, அந்தச் சந்தேகம்தான். அதனால் 1985-இலிருந்து 1990 வரை கர்நாடகாவின் பெல்லாரி மாவட்டம் முழுக்கச் செய்து பார்த்தார்கள். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கும் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அத்தியாவசியமான சில மருந்துகள் அங்கேயே கிடைக்கச் செய்தார்கள். பதிவேட்டை எளிமையாக்கினார்கள். மாவட்ட அளவில் ஒரு மனநலக் குழு மாதாமாதம் உட்கார்ந்து கேஸ்களைப் பார்த்தது.

இந்தக் கடைசி வாக்கியம் சாதாரணமாகத் தெரியும். என் அபிப்பிராயத்தில் முழுத் திட்டத்தின் உயிரும் அதில்தான் இருக்கு. பயிற்சி கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை. பயிற்சி பெற்றவர் மாட்டிக்கொள்ளும்போது கேட்பதற்கு ஆள் இருந்தது.

பெல்லாரியை மாதிரியாக வைத்து 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. முதலில் எடுத்த நாலு மாவட்டங்களில் ஒன்று நம்ம திருச்சி. இன்று 700-க்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்கு இந்தத் திட்டம் விரிந்திருக்கிறது. காகிதத்தில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு மனநல மருத்துவர், உளவியலாளர், மனநல சமூகப் பணியாளர், செவிலியர் கொண்ட குழு உண்டு. நடப்பில் பல மாவட்டங்களில் அந்தப் பணியிடங்களே காலியாக இருக்கும். பயிற்சி எடுத்த டாக்டர் அடுத்த வருஷம் மாற்றலாகிப் போய்விடுவார், புதுசாக வருபவருக்குப் பயிற்சி இருக்காது. ஒதுக்கிய பணம் செலவாகாமல் திரும்பிப் போன கதைகளும் உண்டு. பெல்லாரியிலிருந்து பயிற்சி வகுப்பு மட்டும் மற்ற ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தது, மாதாமாதக் கூட்டம் பல இடங்களுக்குப் போகவில்லை.

பத்தாவது படித்தவர் கவுன்சலிங் செய்யலாமா?

இதைப் படித்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. கோவாவில் சங்கத் என்ற அமைப்பு, விக்ரம் படேல் என்ற மனநல மருத்துவர் முன்னின்று, ஒரு சோதனை செய்தது. உள்ளூர்க்காரர்களை எடுத்தார்கள். மனநலத்தில் எந்தப் பட்டமும் வேண்டாம். மூணு வாரம் வகுப்பு, அதற்குப் பிறகு மாதக் கணக்கில் நேரடிப் பயிற்சி. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் டிப்ரஷன் நோயாளிகளோடு இவர்கள் ஆறிலிருந்து எட்டு முறை உட்கார்ந்து பேசுவார்கள். பேச்சு என்றால் நம்ம அட்வைசர் செய்தது இல்லை. நோயாளி விட்டுவிட்ட சின்னச் சின்ன வேலைகளை (கோயிலுக்குப் போவது, அக்கம்பக்கத்தில் பேசுவது, தோட்டத்துக்குத் தண்ணி ஊற்றுவது) ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்ய வைப்பது. மனசு சரியானதும் வேலை செய்யலாம் என்று காத்திருக்காமல், வேலையைச் செய்யச் செய்ய மனசு சரியாகும் என்ற தத்துவம்.

2017-இல் லான்செட் இதழில் வந்த முடிவு: மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, இந்தப் பேச்சு சிகிச்சை சேர்த்துக் கிடைத்தவர்களில் 64 சதவீதம் பேர் டிப்ரஷனிலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைத்தவர்களில் 39 சதவீதம். 

ஆனால் "அப்ப யாரும் கவுன்சலர் ஆகலாம்" என்று இதைப் படித்துவிடக் கூடாது. அந்தக் கவுன்சலர்கள் தங்கள் பேச்சை (நோயாளியின் அனுமதியோடு) ஒலிப்பதிவு செய்து, வாராவாரம் கூடி, ஒருத்தர் பதிவை இன்னொருத்தர் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். மேலே நிபுணர்கள் இருந்தார்கள். கைமீறின கேஸை உடனே மேலே அனுப்பினார்கள். பெல்லாரியில் மாதக் கூட்டம், கோவாவில் வாரக் கூட்டம். மூணு நாள் ஆன்லைன் கோர்ஸ் முடித்து சர்டிஃபிகேட்டை லிங்க்ட்இன்-ல போடறவங்களுக்கும் இவங்களுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். (நானும் போட்டிருக்கேன். வேற சப்ஜெக்ட்.)

ரெண்டு டீம், ஒரே மாட்யூல்

சரி, பயிற்சி கொடுக்கலாம். யார் கொடுப்பது? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

மனநல மருத்துவர் படிப்பு தேசிய மருத்துவ ஆணையத்தின் கீழே வருகிறது, அதாவது சுகாதார அமைச்சகம். மருத்துவ உளவியலாளரைப் பதிவு செய்வது இந்திய மறுவாழ்வு கவுன்சில், அது சமூக நீதி அமைச்சகம். மது, போதைப் பழக்கத்துக்கான மறுவாழ்வு மையங்களுக்கு நிதி தருவதும் சமூக நீதி அமைச்சகம். ஆனால் அரசு மருத்துவமனையில் போதை சிகிச்சை தருவது சுகாதார அமைச்சகம். காலேஜ் கவுன்சலர் கல்வித்துறை. தெருவில் அலையும் மனநோயாளியைப் பாதுகாக்க வேண்டியது சட்டப்படி போலீஸ், அதாவது உள்துறை. ஒரு மனுஷனுக்குக் குடிப்பழக்கமும் டிப்ரஷனும் சேர்ந்தே இருக்கும், பல பேருக்கு அப்படித்தான் இருக்கு. அவர் எந்த அமைச்சகத்தின் நோயாளி?

ஹெல்ப்லைனையே பாருங்க. 2020 செப்டம்பரில் சமூக நீதி அமைச்சகம் 'கிரண்' என்ற மனநல ஹெல்ப்லைனைத் தொடங்கியது. 2022 அக்டோபர் 10-இல் சுகாதார அமைச்சகம் 'டெலி மனஸ்' தொடங்கியது. எண் 14416. போதைப் பழக்கத்துக்கு சமூக நீதி அமைச்சகத்தின் எண் 14446. ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம். ப்ராஜெக்ட்ல ரெண்டு டீம் ஒருத்தரோடு ஒருத்தர் பேசாமல் ஒரே மாட்யூலை எழுதினால் கடைசி நாள் என்ன ஆகும்னு நமக்குத் தெரியும்.

ஆனால் சேர்ந்து வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே டெலி மனஸ்தான் உதாரணம். பணமும் நிர்வாகமும் சுகாதார அமைச்சகம். யாருக்கு எப்படிப் பயிற்சி என்று தீர்மானிப்பது நிம்ஹான்ஸ். அதன் கீழே வழிகாட்டி நிறுவனங்கள். தொழில்நுட்பம் ஐ.ஐ.ஐ.டி. பெங்களூரு (நம்ம ஆளுங்க!). ஆட்கள் மாநில அரசுகள். கூப்பிட்டால் முதலில் பயிற்சி பெற்ற கவுன்சலர் உங்கள் மொழியில் பேசுவார். போதாது என்றால் நிபுணருக்கு மாற்றுவார். நேரில் பார்க்கணும் என்றால் பக்கத்து மாவட்ட மனநலத் திட்டத்தோடு இணைத்துவிடுவார். பெல்லாரியின் அடுக்குமுறைதான், ஃபோனில். இதுவரை 20 லட்சத்துக்கு மேல் அழைப்புகள் வந்துவிட்டன. தமிழ்நாட்டில் இதே எண்தான் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இயங்குகிறது.

இன்னொரு உதாரணம் கொஞ்சம் கனமானது. 2001 ஆகஸ்ட் 6-இல் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த ஒரு தனியார் விடுதியில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு 'மந்திரம் தப்பு, மருந்துதான் சரி' என்று தர்காவை விரட்டியிருக்கலாம். அப்படிச் செய்தால் குடும்பங்கள் வேறு ஊருக்கு நோயாளியைக் கூட்டிப் போயிருக்கும், அவ்வளவுதான். பின்னாளில் தர்கா வளாகத்திலேயே அரசு மனநல மருத்துவர்கள் உட்கார ஏற்பாடு ஆனது. துவாவும் உண்டு, தவாவும் உண்டு. தவா என்றால் மருந்து. நோயாளி முதலில் போய் நிற்கிற இடத்தில் இருப்பவரோடு கைகோத்தால்தான் நோயாளி கிடைப்பார்.

சட்டம் என்ன சொல்லுது?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் படித்தபோது 31, 32-ஆவது பிரிவுகளில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். உயர்கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து அரசு பயிற்சித் திட்டங்களை உருவாக்கணும். குறைந்தபட்சம் அரசு மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் உள்ள எல்லா மருத்துவ அலுவலர்களுக்கும் அடிப்படை, அவசர மனநலச் சிகிச்சையில் பயிற்சி தரணும். சட்டம் அமலுக்கு வந்து பத்து வருஷத்துக்குள் சர்வதேச அளவுகோலுக்கு ஏற்ற எண்ணிக்கையில் மனநலப் பணியாளர்களைக் கொண்டுவர முயற்சி எடுக்கணும். சுகாதாரம், சட்டம், உள்துறை, சமூக நீதி, கல்வி, பெண்கள்-குழந்தைகள் என எல்லாத் துறைகளும் ஒருங்கிணைந்து வேலை செய்வதை உறுதி செய்யணும். நான் மேலே இரண்டு பக்கம் புலம்பியதை சட்டம் நாலு வரியில் எழுதி வெச்சிருக்கு. அமலுக்கு வந்தது 2018 மே 29. பத்து வருஷம் 2028 மே மாசம் முடியுது.

போன வருஷம் 2025 ஜூலையில், விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கு வழிகாட்டுதல்கள் கொடுத்தது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள ஒவ்வொரு நிறுவனத்திலும் தகுதியான ஒரு கவுன்சலராவது, உளவியலாளராவது, சமூகப் பணியாளராவது இருக்கணும். ஆசிரியர்கள் மட்டுமில்லை, ஆசிரியரல்லாத ஊழியர்களுக்கும் வருஷத்துக்குக் குறைந்தது இரண்டு முறை மனநல முதலுதவிப் பயிற்சி தரணும். டெலி மனஸ் உள்ளிட்ட உதவி எண்களை ஹாஸ்டல், க்ளாஸ்ரூம், வெப்சைட் எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில் போடணும்.

எனக்கு இதில் பிடித்தது அந்த "ஆசிரியரல்லாத" என்ற வார்த்தை. வார்டன், வாட்ச்மேன், மெஸ் அண்ணன். சாப்பிட வராதவனை முதலில் கவனிப்பது ஹெச்.ஓ.டி. இல்லை, மெஸ் அண்ணன்தான். எங்க ரூம்மேட் விஷயத்திலும் "அந்தத் தம்பி ஊருக்குப் போயிட்டாரா?" என்று முதலில் கேட்டது அவர்தான். நாங்கதான் "இல்லண்ணா, சும்மா சோம்பேறி" என்று சொன்னோம்.

முதலுதவி என்றால்?

மனநல முதலுதவி என்பது கவுன்சலிங் இல்லை, நோய் கண்டுபிடிப்பதும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட கையேடு மூணே வார்த்தையில் சொல்லுது: பார், கேள், இணை. என்ன மாறியிருக்குன்னு பார்க்கணும் (தூக்கம், சாப்பாடு, குளியல், பேச்சு). அட்வைஸ் பண்ணாமல், இடையில் "என் கதையைக் கேளு"ன்னு ஆரம்பிக்காமல், கேட்கணும். அப்புறம் உதவி செய்யக்கூடியவரிடம் சேர்க்கணும், நம்பரை வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு விட்டுவிடாமல் கூடவே போகணும். தற்கொலை எண்ணம் இருக்கான்னு நேரடியாகக் கேட்டால் அந்த யோசனையை நாமே கொடுத்தது மாதிரி ஆகிடும்னு பலரும் பயப்படறோம். அப்படி ஆகாது, கேட்டால் பேசத்தான் தோணும் என்பதுதான் ஆராய்ச்சிகள் சொல்வது. ஆபத்து உடனடியானது என்று தோன்றினால் அவங்களைத் தனியாக விடக் கூடாது, 14416 அல்லது 108.

இதை எழுதும்போது ரூம்மேட்டிடம் கேட்டேன், அப்ப நாங்க என்னடா பண்ணியிருக்கணும்னு. ரொம்ப நேரம் யோசிச்சான். "சினிமாவுக்குக் கூப்பிட்டது தப்பில்லடா. தட்டு எடுத்துட்டு வந்து வெச்சீங்க, அதுகூட ஞாபகம் இருக்கு. ஆனா ராத்திரி அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போவீங்கள்ல, அப்ப ஒருத்தன்கூட ஏன் சாப்பிடலைன்னு உக்காந்து கேக்கல."

மாவட்ட மனநலத் திட்டத்தின் வேலைகளில் கல்லூரி மாணவர்களுக்கான ஆலோசனைச் சேவையும் உண்டு என்பது எனக்கு இந்தக் கட்டுரைக்குப் படிக்கும்போதுதான் தெரிந்தது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் 2022-லேயே 'மனம்' என்ற பெயரில் மனநல நல்லாதரவு மன்றங்கள் தொடங்கியிருக்காங்க. நமக்குக் கேட்கத் தோணலை. போன மாசம் என்.எஸ்.எஸ். கோஆர்டினேட்டர் மேடமிடம் சொன்னோம். ஹாஸ்டல் ஊழியர்களுக்கும், ஒவ்வொரு ஃப்ளோரிலிருந்து ரெண்டு மாணவர்களுக்கும் பயிற்சி வேணும், ஒரு நாளோடு போய்விடாமல் மாசத்துக்கு ஒரு தடவை யாராவது வந்து எங்களோடு உட்காரணும் என்று கேட்டு, மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கடிதம் எழுதினோம். மேடம் "மாசாமாசமா? ஆசையைப் பாரு"ன்னு சிரிச்சாங்க, ஆனா கையெழுத்து போட்டாங்க. கடிதம் போயிருக்கு. மெஸ் அண்ணன் பேரை லிஸ்ட்ல முதல்ல போட்டிருக்கோம்.